நூறு வயதுக் கொடியின் ஷிராஸ்

அன்புள்ள இளங்கோவுக்கு,

அடிலெய்டில் ஒயின் தயாரிப்புப் படிப்பில் சேர்ந்த கையோடு பரோசா பள்ளத்தாக்குக்குப் போய், சிறு தயாரிப்பாளர் ஒருவரிடம் நூறு வயதுத் திராட்சைக் கொடியின் ஷிராஸ் ஒயின் வாங்கியிருக்கிறாய். "வாயில் வைத்ததுமே ஆளை அடிக்கிறது மாமா, இதில் கொடியின் வயது எங்கே தெரியும்?" என்று கேட்டிருந்தாய்.

அந்த அடியில் தெரியாது. பரோசா வெயிலில் நன்றாகப் பழுத்த ஷிராஸ் இளங்கொடியில் விளைந்தாலும் கறுத்துத்தான் இருக்கும். 14, 15 சதவீத ஆல்கஹாலும் சாதாரணம். வனிலா, தேங்காய் மணம் வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க ஓக் பீப்பாயின் கொடை. இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதில்தான் வயதைத் தேட வேண்டும்.

முதலில் சூட்டைக் கவனி. 16 முதல் 18 டிகிரி போதும். அடிலெய்டு கோடையில் அறைச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வை. பிறகு வாயகன்ற குடுவையில் ஊற்றிக் காற்றாடவிடு. கோப்பையைச் சுழற்றாமல் ஒருமுறை முகர், சுழற்றி ஒருமுறை முகர்.

மிளகு மணம் வருகிறதா? அது கற்பனை அல்ல. நம் மிளகில் உள்ள ரோடண்டோன் என்ற அதே சேர்மம்தான் ஷிராஸ் பழத்தோலிலும் இருக்கிறது. 2008இல் இதை வெளியிட்டவர்கள் உன் ஊரிலேயே இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் எட்டவே எட்டாது. உனக்கு எட்டாவிட்டால் உன் மூக்கைக் குறை சொல்லாதே. பரோசா வெப்பத்தில் மிளகு அடங்கியே இருக்கும். விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் போன்ற குளிர்ந்த மலைப்பகுதி ஷிராஸில்தான் அது தூக்கல்.

இனி வாய். ஒரு மிடறு எடுத்து ஈறெல்லாம் படும்படி உருட்டித் துப்பு. சுவைப்பவன் துப்புவதில் வெட்கமே இல்லை. துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, சொரசொரவென்றா, மெல்லிய பொடிபோலவா என்று பார். பழத்தின் முதல் வேகத்துக்கும் கடைசித் துவர்ப்புக்கும் நடுவே சுவை குழிவிழக் கூடாது. துப்பிய பிறகும் எத்தனை நேரம் தங்குகிறது என்று எண்ணிப்பார். நல்ல முதுகொடியின் ஒயினில் எனக்குப் பிடித்தது இந்த நிறைவும் நீளமும்தான். பலத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை.

வயதான கொடி குறைவாகவே காய்க்கும். தடித்த தண்டிலும் வேரிலும் சேமிப்பு இருப்பதால், வறண்ட ஆண்டிலும் அவ்வளவாகத் தடுமாறாது. ஆனால் வயது மட்டுமே சுவை தந்துவிடும் என்று நான் நம்பவில்லை. மோசமான மண்ணில் நின்ற கொடிகளை எப்போதோ பிடுங்கி எறிந்திருப்பார்கள். நூறாண்டு தாண்டி நிற்பவை, பல தலைமுறை விவசாயிகள் "இது இருக்கட்டும்" என்று விட்டுவைத்தவை.

அப்படி விட்டுவைப்பது எளிதாக இருக்கவில்லை. ஐரோப்பாவின் தோட்டங்களை ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி அழித்தது. 1877இல் அது விக்டோரியாவின் ஜீலாங்கில் தென்பட்டும், பரோசா இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை. அதனால்தான் 1843இல் பரோசாவின் லாங்மைல் தோட்டத்தில் நட்ட ஷிராஸ் இன்றும் சொந்த வேரில் காய்க்கிறது. பூச்சிக்குத் தப்பிய கொடிகளுக்கு மனிதரால் ஆபத்து வந்தது. 1980களில் சிவப்பு ஒயின் தேங்கிக் கிடந்தபோது, கொடியைப் பிடுங்கினால் பணம் தருவதாக மாநில அரசே சொன்னது. எத்தனையோ பழைய கொடிகள் போயின. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அந்த நாளில் பழைய தோட்டக்காரர்களின் பழத்தை வாங்கி அவர்களைத் தாங்கியவர்களில் ராபர்ட் ஓ'கல்லகன் ஒருவர். அவருடைய ராக்ஃபோர்ட் ஒயினகத்தில் பழைய கூடை அழுத்தியைக் கொண்டே ஷிராஸ் பிழிகிறார்கள். சிறு தயாரிப்பாளர்கள் மீது எனக்குள்ள மரியாதைக்குக் காரணம் அவர்கள் இப்படித் துணைநின்றதுதான்.

புட்டியில் "பழைய கொடி" என்று மட்டும் போட்டிருந்தால் எத்தனை வயது என்று கேள். 2009இல் பரோசாக்காரர்கள் தாங்களாகவே 35, 70, 100, 125 ஆண்டுகள் என நான்கு படிகள் வகுத்துக்கொண்டார்கள். உன் புட்டி மூன்றாம் படியில் வரும்.

பாதியை மூடி வைத்து மறுநாளும் சுவைத்துப் பார். அதே தயாரிப்பாளரிடம் இளங்கொடி ஷிராஸ் கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள். எது எது என்று உனக்குத் தெரியாதபடி வேறொருவரை ஊற்றச் சொல்லிச் சுவைத்துவிட்டு, எழுதியதை அப்படியே அனுப்பு.

அன்புடன்,
மாமா