வளைந்த அச்சுக்குச் சுத்தியல் மருந்தல்ல

ஃபுளோரிடாவின் கடலோரத்தில் டிரெய்லர் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தால், இந்த வண்டி சீக்கிரமே உங்கள் முன் வந்து நிற்கும். மேலே படகு, கீழே சாய்ந்த சக்கரம், பக்கத்தில் அவசரப்படும் உரிமையாளர். "சூடு காட்டி நிமிர்த்திக் கொடுங்கள், போதும்" என்பார். செய்யாதீர்கள். சூடுபட்ட குழாயின் பலம் போய்விடும். அடுத்த முறை அது நெடுஞ்சாலையில்தான் மடங்கும்.

முதலில் டயரைப் பாருங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், அளவுக்கு மீறிய சுமையால் அச்சு நடுவில் தொய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பட்டை ஸ்பிரிங் வைத்த அச்சுகள் பல, புதிதிலேயே நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். சுமை ஏறியதும் நேராகும். அந்த வளைவைக் குறை என்று எண்ணித் தலைகீழாகப் பூட்டிவிட்டால் புது டயரும் அதே விளிம்பில் தேயும்.

பிறகு ஹப்பைக் கழற்றுங்கள். கிரீஸ் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடான ஹப்பை அப்படியே கடலில் இறக்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை இழுத்துக்கொள்ளும். சேதம் பேரிங், சீலோடு நின்றிருந்தால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும். ஸ்பிண்டில் கீறியோ நீலம் பாய்ந்தோ இருந்தாலும், குழாயைத் துரு தின்றிருந்தாலும் அச்சையே மாற்றுங்கள். ரப்பர் வைத்த டார்ஷன் அச்சு உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டால் அதற்கும் வேறு வழியில்லை.

புது அச்சு வாங்க மூன்று அளவுகள் வேண்டும்: ஹப் முகத்திலிருந்து எதிர் ஹப் முகம் வரை, இரண்டு ஸ்பிரிங் நடுப்புள்ளிகளுக்கு இடையே, குழாயின் குறுக்களவு. கூடவே சுமைத்திறன். ஃபுளோரிடாவில் பரவலாகப் புழங்குவது 3,500 பவுண்டு அச்சு, அதாவது சுமார் 1,590 கிலோ. டிரெய்லரின் எடையோடு படகு, எஞ்சின், நிறைந்த எரிபொருள் டேங்க் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பழைய அச்சு வளைந்ததற்கான காரணம் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே கிடைக்கும். உப்புநீருக்குத் துத்தநாகப் பூச்சு உள்ளதையே கேளுங்கள். அதன் மேல் வெல்டிங் வைக்க நேர்ந்தால் அந்த இடத்துப் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் நின்று, சுவாசக் கவசத்தோடு செய்யுங்கள். துத்தநாகப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் வரலாம்.

படகை இறக்கிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். ஸ்டாண்டுகளைச் சட்டத்துக்கு அடியில் கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். யு போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இழுபட்டது மறுபடி சரியாகப் பிடிக்காது. இறுக்குவதற்கு முன், முன்னால் உள்ள கொக்கியிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் டேப்பை நீட்டி அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் டிரெய்லர் சாலையில் நண்டு மாதிரி கோணலாக ஓடும். பலர் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால், கற்றவர் யார் என்று இங்கேதான் தெரியும்.

ஸ்பிண்டில் நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்கிப் பின்னைப் போடுங்கள். ஒப்படைக்கும்போது உரிமையாளரிடம் இரண்டு செய்திகளை எழுதியே கொடுங்கள்: முதல் 80 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், ஹப் ஆறிய பிறகே படகுத்துறைச் சரிவில் இறக்க வேண்டும்.