21-ஆம் நாள் தண்ணீர்

பஞ்சாபில் நவம்பர் மாதம் கோதுமை விதைத்த உழவர் ஒருவரிடம் ஒரே ஒரு முறை பாய்ச்சத்தான் நீர் இருக்கிறது என்று கொள்வோம். அதை அவர் எப்போது பாய்ச்ச வேண்டும்? கதிரில் மணி பிடிக்கும்போது என்று பலரும் கூறுவர். விதைத்த சுமார் 21-ஆம் நாள் என்பதே உழவியலார் தரும் விடை. சாண் உயரமே உள்ள இளம்பயிருக்கு அப்படி என்ன அவசரம்?

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. கோதுமைக்கு இரு தொகுதி வேர்கள் உண்டு. முதல் தொகுதி விதையிலிருந்தே புறப்பட்டுக் கீழே செல்லும். இரண்டாவது தொகுதி, மண்ணின் மேற்பரப்புக்கு 2 அல்லது 3 செ.மீ. கீழே, தண்டின் அடிக்கணுக்களில் தோன்றும். இவற்றை மகுட வேர்கள் என்பர். அவை தோன்றும் மேல்மண்தான் வெயிலில் முதலில் காய்வதும்! ஆகவே ஒரு விந்தை நிகழ்கிறது. ஆழத்தில் ஈரம் இருப்பதால் விதை வேர்கள் நீரை உறிஞ்சுகின்றன. இலை பச்சையாகவே இருக்கிறது. ஆனால் உலர்ந்த மண்ணில் மகுட வேர்கள் நீள முடிவதில்லை. தூர்களும் சரிவரக் கிளைப்பதில்லை. தூர் குறைந்தால் கதிர் குறையும். பின்னர் நீர் பாய்ச்சினால் சில தூர்கள் வரலாம். காலம் கடந்து வருபவற்றில் பெரும்பாலானவை கதிர் ஈனுவதில்லை.

1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை இந்தியாவுக்கு வந்தது. நெட்டை இரகங்களைவிட இவற்றின் முளையுறை குட்டை; சுமார் 5 செ.மீ. ஆழத்துக்குமேல் விதைத்தால் முளை வெளிவரத் திணறும். ஆழத்து ஈரத்தை நம்பி விதைக்கும் பழைய முறை இவற்றுக்கு ஒத்துவரவில்லை. முதல் பாய்ச்சலின் நாள் முக்கியமாயிற்று.

இனி நீர்க்கணக்கு. ஒரு ஹெக்டேரில் 6 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் 6 இலட்சம் லிட்டர் செலவாகும். முதல் நீரைத் தவிர்த்தால் இத்தனையும் மிச்சம்தானே? இல்லை. தூர் கட்டாத பயிரில் இலைப்பரப்பு குறைவு. வரிசைகளுக்கிடையே வெறும் மண் தெரியும். பிறகு பாய்ச்சும் நீரில் ஒரு பகுதி செடிக்குள் செல்லாமல் மண்ணிலிருந்தே ஆவியாகிவிடும். அந்த நீர் ஒரு மணியைக்கூட விளைவிப்பதில்லை. மொத்த நீர்ச்செலவு சற்றுக் குறையலாம். விளைச்சல் அதைவிட அதிகம் குறைந்தால், ஒரு கிலோ தானியத்துக்கு ஆகும் நீர் கூடிவிடுகிறது.

அதற்காக வயலைக் குளமாக்கிவிடவும் கூடாது. களிமண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் பயிர் மஞ்சளாகும். அந்த வாரம் நல்ல மழை பெய்தால் பாய்ச்சவே வேண்டாம்!

இதை நீங்களே பார்க்கலாம். இரண்டு தொட்டிகளில் கோதுமை மணிகளை 5 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். முளைத்தபின் ஒன்றுக்கு மேலே நீர் ஊற்றுங்கள். மற்றதை நீருள்ள தட்டில் வைத்து அடியிலிருந்து மட்டும் ஈரம் ஊற விடுங்கள். நான்கு வாரம் கழித்துச் செடிகளை மண்ணோடு பெயர்த்து அலசுங்கள். அடியில் ஒரு வேர்க்கொத்து, மேலே இன்னொன்று, இடையில் நூல்போல் ஒரு தண்டு. இரண்டிலும் மேல்கொத்தின் வேர்களை எண்ணிப் பாருங்கள்.