பெலும் குகைக்குப் போகிறீர்களா?

ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில் இருக்கிறது பெலும் சுண்ணாம்புக்கல் குகை. மொத்த நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நடந்து பார்க்கலாம். சென்னை–மும்பை ரயில் பாதையில் தாடிபத்ரியில் இறங்கினால், அங்கிருந்து சாலை வழியாகச் சுமார் 30 கி.மீ.

1. குகை என்றதும் ஸ்வெட்டர் எடுத்து வைக்காதீர்கள். உள்ளே ஈரப்பதம் அதிகம், காற்றோட்டம் குறைவு. வெளிக்காற்றை உள்ளே செலுத்த ஏற்பாடு இருந்தும் வியர்த்துக் கொட்டும். மெல்லிய பருத்தி உடையும் தோளில் ஒரு துண்டும் போதும். புடவையைவிடச் சுடிதார் வசதி.

2. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. ராயலசீமா வெயிலில் வெளியே நிற்பதே கஷ்டம்.

3. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இறங்க வேண்டாம். இரண்டு இட்லி போதும். தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவரவும் மறக்காதீர்கள்.

4. ரப்பர் செருப்பு ஈரத்தரையில் வழுக்கும். அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்கள்.

5. மூக்குக்கண்ணாடியிலும் போன் லென்ஸிலும் ஆவி படியும். துடைக்க உலர்ந்த கைக்குட்டை ஒன்றைத் தனியாக வையுங்கள்.

6. பாறைகளைத் தொடாதீர்கள். இதைக் குழந்தைகளுக்கு உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். காரணம் இதுதான்: மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புக்கல்லை அரித்தபடி கீழே இறங்குகிறது. கூரையில் சொட்டாகத் தொங்கும்போது அந்த வாயு பிரிந்துபோக, கரைந்திருந்த சுண்ணாம்பு கூரையில் மெல்லிய வளையமாக ஒட்டிக்கொள்கிறது. சொட்டுச் சொட்டாக இப்படிச் சேர்ந்து, தொங்கும் கல் ஒரு விரல் நீளம் வளரப் பல நூறு ஆண்டுகள் ஆகும். நம் கையிலுள்ள எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் புதுச் சுண்ணாம்பு சரியாகப் படியாது, கறையும் விழும். பெயர் கிறுக்குகிறவர்களைப் பார்த்தால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள்.

7. ‘சப்தஸ்வர’ அறையில் தொங்கும் கற்களைத் தட்டினால் இனிய ஓசை எழும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் சாவியாலும் கல்லாலும் தட்டினால் அவை தாங்காது. வழிகாட்டி தட்டிக் காட்டினால் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

8. பாதாளகங்கைதான் ஆழமான இடம், தரைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 150 அடி கீழே. நிலத்தடி நீரோடையை அங்கே பார்க்கலாம். போகும் வழியில் குறுகிய, குனிந்து நடக்கும் இடங்கள் உண்டு. ஆஸ்துமா, இதய நோய், மூட்டுவலி உள்ளவர்கள் மேலேயுள்ள பெரிய கூடங்களோடு திரும்பிவிடலாம். அங்கேயே பார்க்க நிறைய இருக்கிறது. ஓடையில் காசு போடாதீர்கள்.

9. ‘கோடிலிங்கம்’ பகுதியில் அவசரப்படாமல் நில்லுங்கள். ஏராளமான கூம்புகள் லிங்க வடிவில் நெருங்கி இருக்கும்.

10. பயண வழியில் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு செய்தி: 1884-ல் இக்குகையைப் பற்றி எழுதியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் நம் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தவரும் அவரே. பிறகு 1982 முதல் 1984 வரை ஹெர்பர்ட் டேனியல் கெபாவர் தலைமையிலான ஜெர்மன் குழு குகையை விரிவாக ஆராய்ந்தது. 2002-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

11. வெளியே வந்ததும் உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு குடியுங்கள். வியர்வையில் நனைந்த துணிகளைப் பையில் மூடி வைக்காமல், அறைக்குப் போனவுடன் அலசிக் காயப்போடுங்கள்.