சொண்டைக் குவிக்க வெட்கப்பட்டவர்கள்

"சித்தி, உங்கட படத்தைப் போட்டா ஒருத்தரும் வரமாட்டினம்" என்று பெறாமகன் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஐம்பத்தாறு வயது, தடித்த கண்ணாடி, மேல்வரிசையில் கட்டிய பல் ஒன்று. அவன் சொன்னதில் பொய் இல்லை.

இருபத்தாறு வருடம் ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லக் குசினியில் நின்றுவிட்டு, 2016இல் அம்மாவைப் பார்க்கவென்று யாழ்ப்பாணத்து உடுவிலுக்குத் திரும்பியவள் நான். கொரோனா முடக்கத்தின்போது அயலில் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் டொச், அதாவது ஜேர்மன் மொழி, சொல்லிக்கொடுத்தேன். அது மெல்ல மெல்லச் சூம் வகுப்பாகிவிட்டது. ஆட்களுக்குக் குறைவில்லை. ஜேர்மனியில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர, 2007 ஓகஸ்ட் முதல் ஏ1 என்ற ஆரம்ப அளவு டொச் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 2010 நவம்பரில் பிரித்தானியாவும் ஆங்கிலத்துக்கு இப்படியொரு விதி கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில் கலியாண எழுத்து முடிந்த அடுத்த கிழமையே வகுப்புத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

வகுப்பைப் பெரிதாக்கலாம் என்ற ஆசை வந்தது. என்னிடம் படித்து, ஏ1ஐத் தாண்டி பி1 எடுத்து, எனக்கு உதவியாகப் படிப்பித்த ஒரு பிள்ளை இருந்தா. இருபத்துநாலு வயது. அழகி, அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? "அவவின்ர படத்தைப் போடுவம்" என்றான் பெறாமகன். அவவும் சிரித்துக்கொண்டு ஓமென்றா. சுன்னாகத்தில் ஒரு ஸ்ரூடியோவுக்குப் போனோம். மாம்பழ நிறச் சேலை, கையில் எங்கள் டொச் பாடப்புத்தகம். படமெடுத்த தம்பி இரண்டுமுறை கமராவை இறக்கிவிட்டுச் சொன்னார்: "மிஸ், புத்தகம் முகத்தை மறைக்குது. அதை அங்கால வையுங்கோ." புத்தகத்தை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பேஸ்புக்கில் விளம்பரம் போட்டோம். மருதனார்மடம் சந்திப் பக்கம் சுவரொட்டியும் ஒட்டினோம். முதல் கிழமையில் 163 தகவல்கள் வந்தன. எல்லாவற்றையும் ஒரு சீஆர் கொப்பியில் குறித்தேன். ஐம்பத்தெட்டுப் பேர் வெறும் 'ஹாய்'. முப்பது பேருக்கு மிஸ் கலியாணம் முடித்தவவா என்று தெரிய வேண்டும். காசு கட்டிச் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். அதற்கு முந்தைய மாதம், படமே இல்லாமல் எழுத்து மட்டும் போட்ட விளம்பரத்துக்குப் பன்னிரண்டு தகவல்தான் வந்தது. ஏழு பேர் சேர்ந்தார்கள். விளம்பரம் போடுகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: போன் எத்தனைமுறை அடித்தது என்று எண்ணிச் சந்தோஷப்படாதீர்கள், பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எண்ணுங்கள்.

இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் புதிதாகக் கலியாணம் முடித்த பெண்பிள்ளைகள். கட்டணம் அனுப்புகிறவர் அங்கே இருக்கும் மாப்பிள்ளை, வகுப்பைத் தெரிவுசெய்கிறவ இங்கே இருக்கும் மாமி. அந்தப் படத்தைப் பார்த்த மாமி ஒருவர் எடுத்துக் கேட்டா: "பிள்ளை, உங்க பெடியள்தானே கனக்க?" அவவின் மருமகள் சேரவில்லை. யாருக்கு விற்கிறோம் என்று பாராமல், யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்றே பார்த்திருக்கிறோம்.

சேர்ந்த ஒன்பது பேரில் ஆறு பேர் ஆண்கள். ஜேர்மனியில் இருக்கும் மனைவியிடம் போகக் காத்திருந்த கொண்டாவில் எலெக்ரீசியன் ஒருவர் அதில் உண்மையாகவே படிக்க வந்தவர். முதல் இரண்டு கிழமையும் நல்லாகத்தான் போனது. மூன்றாம் கிழமை, ஆங்கில யூ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்த அந்த ஓசை வந்தது. அதைச் சொல்ல ஒரு வழிதான் உண்டு. 'ஊ' சொல்வதுபோல் சொண்டைக் குவித்து, அதை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே நாக்கால் 'ஈ' சொல்ல வேண்டும். டொச்சில் ஐந்து என்ற எண்ணிலேயே அது இருக்கிறது. போய்வருகிறேன் என்பதிலும் இருக்கிறது. தப்ப முடியாது.

அந்தப் பிள்ளை கமராவுக்கு முன்னால் சொண்டைக் குவித்துச் செய்துகாட்டினா. ஒன்றன்பின் ஒன்றாகக் கமராக்கள் அணைந்தன. "நெற் சிலோ மிஸ்." "மைக் வேலை செய்யேல்லை மிஸ்." எலெக்ரீசியன் அண்ணை ஒன்றும் சொல்லவில்லை, கறுப்புச் சதுரமாக இருந்தார். மற்றநாள் எனக்குத் தனியாக எடுத்தார். "அக்கா, வயசு முப்பத்தொன்பது. அந்தப் பிள்ளைக்கு முன்னால வாயைக் குவிச்சுக்கொண்டு இருக்கேலாது. நீங்கள் எடுங்கோ, நான் படிக்கிறன்."

பெரியவர்கள் மொழி படிக்கும்போது பெரிய தடை இலக்கணமல்ல, கூச்சம். குழந்தை நூறுமுறை பிழைவிட்டுச் சிரிக்கும். மீசை வைத்த மனிசன், அதுவும் தொழிலில் நாலுபேர் மதிக்கிறவர், அழகான இளம்பெண்ணுக்கு முன்னால் ஒருமுறை பிழைவிட்டால் பிறகு வாயைத் திறக்கமாட்டார். கதே நிறுவனத்தின் ஏ1 சோதனையில் 100க்கு 60 எடுக்க வேண்டும். பேச்சுப் பகுதியில் அறிமுகமில்லாத இரண்டு மூன்று பேரோடு சேர்ந்திருந்து பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, தொலைபேசி இலக்கமோ வேறெதாவது இலக்கமோ சொல்ல வேண்டும். இலக்கத்தில் ஐந்து இருந்தால் சொண்டைக் குவித்தே ஆக வேண்டும். வகுப்பில் கூச்சம் போகாதவர் சோதனைக்குக் கொழும்பு போய் என்ன செய்வார்?

அழகு விலைபோகாது என்று சொல்லவரவில்லை. 2007இல் யூரியூப்பில் மரீனா ஓர்லோவா என்ற ரஷ்யப் பெண், 'ஹொட் ஃபோர் வேர்ட்ஸ்' என்ற பெயரில் ஆங்கிலச் சொற்களின் பிறப்பை விளக்கி உலகம் முழுக்கப் பெயரெடுத்தா. மொழியியல் படித்தவதான். ஆனால் அங்கே பார்க்கிறவர் வாய் திறக்கத் தேவையில்லை. பார்க்கிற பாடத்துக்கு அழகு சரி. பேசுகிற பாடத்துக்கு வேறு முகம் வேண்டும்.

அந்த வேறு முகத்தை இந்தியாவில் ஒரு பதிப்பகம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. ரெபிடெக்ஸ் ஆங்கிலப் புத்தகத்தின் விளம்பரத்தில் கபில் தேவ் வந்தார், 1983இல் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்ற அணியின் தலைவர். ஆங்கிலம் அவருக்குப் பிறவியில் வந்த மொழியல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். "இவரே சமாளித்துவிட்டார், எனக்கென்ன" என்று நினைக்க வைக்கிற முகம் அது.

எங்கள் பக்கம் இன்னொரு பிழையும் நடந்தது. விளம்பரத்தில் பெறாமகன் அவவின் சொந்த இலக்கத்தையே போட்டுவிட்டான். இரவு பதினொரு மணிக்குப் பிறகு வந்தவற்றை இங்கே எழுத முடியாது. அவ எனக்குச் சொல்லவில்லை, பிள்ளை பயந்துபோயிருந்தா. ஒருநாள் தகப்பன் வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். சத்தம் போடவில்லை. சந்தியில் உரித்தெடுத்த சுவரொட்டியை மேசையில் விரித்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, என்ர பிள்ளையின்ர படத்தை வைச்சு நீங்கள் என்னத்தை விக்கிறியள்?" தேத்தண்ணி ஆறிப்போகும்வரை என்னிடம் பதில் இல்லை. ஓமென்று சிரித்த பிள்ளைக்கு அந்த ஓமின் விலை தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவவின் சிம்மை மாற்றிக்கொடுத்தோம். பேஸ்புக்கிலிருந்து படத்தை எடுத்தோம். வகுப்புக்கென்று தனி இலக்கம் எடுத்து அதை நான் வைத்துக்கொண்டேன். இரவு ஏழு மணிக்குப் பிறகு அதற்குப் பதில் இல்லை. முதல் பரீட்சார்த்த வகுப்பை இலவசமாக வைக்காமல் இருநூறு ரூபா ஆக்கினோம். அந்தச் சின்னத் தொகையே 'ஹாய்'க்காரரில் முக்கால்வாசியை வெளியில் நிறுத்திவிட்டது. அந்தப் பிள்ளை இப்போதும் எனக்குக் கொப்பி திருத்தித் தருகிறா, இலக்கணப் பாடங்களைக் குரலில் மட்டும் பதிந்து அனுப்புகிறா.

இப்போதைய விளம்பரம் நாற்பது விநாடிக் குரற்பதிவு ஒன்றுதான். என்னிடம் படித்துப் போன ஒரு பிள்ளை, ஹாம் நகரத்தில் ஒரு பேக்கரியில் டொச்சில் பாண் வாங்குகிறா. இடையில் ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லி, திருத்தி, கடைக்காரியோடு சேர்ந்து சிரிக்கிறா. அந்தப் பிழையை வெட்டச் சொன்னான் பெறாமகன். நான் விடவில்லை. அதைக் கேட்டுவிட்டு எடுக்கிறவர்கள் மிஸ்ஸின் வயதைக் கேட்பதில்லை. எத்தனை மாதத்தில் இப்படிக் கதைக்கலாம் என்று கேட்கிறார்கள்.

ஆளைச் சேர்க்கக் கவர்ச்சி காட்டுவது உடுவிலுக்குப் புதிதுமல்ல. அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ 1824இல் இங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது ஊர்ச்சனம் பிள்ளைகளை அனுப்பத் தயங்கியது. சாப்பாடு, உடுப்பு, படித்து முடித்துக் கலியாணம் கட்டும்போது சீதனம் என்றெல்லாம் கொடுத்துச் சேர்த்ததாகப் படித்திருக்கிறேன். சீதனத்துக்காகச் சேர்த்துவிட்ட தகப்பன்மாரும் இருந்திருப்பார்கள். ஆனால் பிறகு அந்தப் பாடசாலைக்கு வந்த எலைசா அக்னியு 1879வரை நாற்பது வருடம் அளவில், ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் இங்கேயே இருந்து, தான் படிப்பித்த பிள்ளைகளின் பிள்ளைகளையும் படிப்பித்தா. அவவும் வளர்ந்த ஆளாகவே வந்து, எங்கள் 'ழ'வோடு மாரடித்துத்தான் தமிழ் படித்திருப்பா. உடுவில் பிள்ளைகள் சிரித்திருக்குங்கள்.

கொண்டாவில் அண்ணை இரண்டாந்தரம் 71 எடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். மருதனார்மடத்துச் சுவரொட்டி ஒன்று மட்டும் வெயிலில் வெளுத்து இன்னும் கிடக்கிறது. பழைய இலக்கம் இப்போது என் கையில். போன கிழமையும் ஒரு பெடியன் எடுத்தான்.

"படத்தில இருக்கிற மிஸ் நிக்கிறாவோ?"

"நான்தான் தம்பி இப்ப வகுப்பு எடுக்கிறனான். சொண்டைக் குவிச்சுக்கொண்டு ஒருக்கா 'ஈ' சொல்லுங்கோ பாப்பம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வைத்துவிட்டான்.