கூட்டம் சேர்ந்த கடையும் கூட்டம் கலைத்த கடையும்

கடை வாசலில் பத்துப் பேர் நின்றால் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று பொருள். கூட்டம் இல்லாத கடையைத் தாண்டிக் கூட்டம் உள்ள கடைக்குப் போவதே மக்களின் வழக்கம். தலைமுறை தலைமுறையாக நாம் கற்ற வியாபாரம் இதுதான். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்தப் பாடம் தலைகீழாயிற்று. கொரோனா காலத்தில் நாம் பட்ட பாட்டைப் பற்றி வணிகர்கள் கூடும் இடங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. கடை வாசலில் கூட்டம் ஏன் அப்படிப் பெருகியது, அதைக் குறைத்தவர்கள் எப்படிக் குறைத்தார்கள் என்பதை மட்டும் இங்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் தேதிகளை நினைவுபடுத்திக்கொள்வோம். மார்ச் 22 ஞாயிறு அன்று மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 மாலை 6 மணி முதல் தமிழகத்தில் 144 தடை உத்தரவு. அன்றிரவே 21 நாள் ஊரடங்கை மத்திய அரசு அறிவித்தது. மளிகை, காய்கறி, மருந்து ஆகியவை அத்தியாவசியம் என்பதால் நம்மில் ஒரு பகுதியினர் கடை திறக்கலாம்; துணி, பாத்திரம், மின்சாதனக் கடையினர் பூட்ட வேண்டும். மார்ச் 29 முதல் மளிகை, காய்கறிக் கடைகளுக்குக் காலை 6 மணி முதல் பிற்பகல் 2.30 வரை என்று நேரம் வகுக்கப்பட்டது. ஏப்ரல் 5 முதல் அது பகல் 1 மணியாகக் குறைந்தது.

நேரத்தைக் குறைத்ததன் நோக்கம் நல்லதே. மக்கள் வெளியே வரும் நேரம் குறைந்தால் நோய் பரவுவதும் குறையும் என்பது அதன் கருத்து. ஆனால் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வேறு கணக்கும் தெரிந்தது. உதாரணத்துக்கு ஒரு நடுத்தர மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் கடை, அதாவது 16 மணி நேரம். நாளொன்றுக்கு 320 பேர் வருகிறார்கள் என்றால் மணிக்கு 20 பேர். ஒருவருக்குப் பொருள் எடுத்து, நிறுத்து, கட்டி, பணம் வாங்க 3 நிமிடம் என்று வைத்தால் ஒரே ஆள் மணிக்கு 20 பேரை அனுப்பிவிடலாம். வாசலில் யாரும் தேங்க வேண்டியதில்லை.

அதே 320 பேர் 7 மணி நேரத்துக்குள் வர வேண்டுமென்றால் மணிக்குச் சுமார் 46 பேர். பொருள் எடுத்துக் கொடுக்கும் ஆளோ ஊருக்குப் போய்விட்டார். எனவே முதல் மணி நேரம் முடிவதற்குள் 20 பேர் போக 26 பேர் வாசலில் நிற்பார்கள். அடுத்த மணி முடியும்போது அது 52 ஆகும். இதுகூடக் குறைத்துச் சொன்ன கணக்கே. அரைக் கிலோ துவரம் பருப்பு வாங்கியவர் அந்த நாட்களில் மூன்று கிலோ கேட்டார். ஒருவருக்கு 3 நிமிடம் என்பது 6 நிமிடமாயிற்று. ஒரு மணிக்குக் காவல்துறை வாகனம் வந்து நிற்குமே என்ற அவசரம் வேறு. தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம், வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டினோம், வாளியில் தண்ணீரும் சோப்பும் வைத்தோம். பன்னிரண்டு மணிக்கு மேல் எந்த வட்டமும் நிற்கவில்லை.

அந்த வாசலில் நின்றவரின் மனநிலை கடைக்காரருக்குத்தான் தெரியும். வாங்கிய ரூபாய் நோட்டைத் தனி டப்பாவில் போட்டு ஒரு நாள் கழித்து எண்ணியவர்கள் உண்டு. வீட்டுக்குப் போனால் பின்வாசல் வழியாக நுழைந்து, குளித்த பிறகே பிள்ளைகளைத் தொட்டவர்கள் உண்டு. வயதான தாய் தந்தையர் உள்ள வீடுகளில் கடைக்காரர் கடையிலேயே படுத்துக்கொண்டதும் உண்டு. கடையை மூடினால் தெருவே பட்டினி கிடக்கும். திறந்தால் வீட்டுக்கு என்ன கொண்டுபோகிறோமோ என்ற பயம். கடையை மூடிவிட்டு வீட்டில் இருந்தவர்களையும் திறந்து வைத்தவர்களையும் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுக் குறைசொல்வதில் நியாயமில்லை என்பது நம் கருத்து.

கூட்டம் என்பது ஆட்களின் எண்ணிக்கையால் மட்டும் வருவதில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால் வருகிறது. இதை அன்று தெளிவாகக் காட்டியவை ரேஷன் கடைகள். அரிசி அட்டைதாரர்களுக்கு ரூ.1,000 நிவாரணமும் விலையில்லாப் பொருள்களும் 2020 ஏப்ரலில் வழங்கப்பட்டபோது, எந்தத் தேதியில் எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று எழுதிய டோக்கன் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது. எல்லா இடத்திலும் அது ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. ஆயினும் நேரம் எழுதிய அந்தச் சீட்டு நம் கடைகளுக்கும் பொருந்தும் யோசனையே.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி ஏப்ரல் 25 சனிக்கிழமை நடந்தது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை நான்கு நாளும், சேலம், திருப்பூரில் மூன்று நாளும் முழு ஊரடங்கு என்று முதல்நாள்தான் அறிவிப்பு வந்தது. நான்கு நாளுக்கான சாமான்களை ஒரே காலையில் வாங்க ஊரே திரண்டது. நெரிசலைப் பார்த்து அன்று பிற்பகல் 3 மணி வரை கடை திறக்க அரசு அனுமதித்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஊரடங்கு முடிந்த ஏப்ரல் 30 அன்று மாலை 5 மணி வரை நேரம் நீட்டிக்கப்பட்டது.

கோயம்பேட்டின் கதை இதைவிடப் பெரியது. கொத்தவால் சாவடியின் நெரிசல் தாங்காமல்தான் 1996-இல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. 2020-இல் அங்கேயும் அதே நெரிசல். காரணம் வெளிப்படையானது. மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர், தள்ளுவண்டிக்காரர், வீட்டுக்கு இரண்டு கிலோ வெங்காயம் வாங்க வந்தவர், லாரி ஓட்டுநர், சுமை தூக்குவோர் என எல்லோருக்கும் ஒரே வழி, ஒரே நேரம். மே முதல் வாரத்தில் அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் மூலம் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களிலும் தொற்று கண்டறியப்பட்டது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கும், பூ, பழ வியாபாரம் மாதவரத்துக்கும் பிரிந்தன. திருமழிசையில் இடம் கிடைத்தவர்கள் சிலரே. மழை பெய்தால் சேற்றில் மூட்டை இறக்க வேண்டிய நிலை. மண்டிக்காரர்கள் பட்ட நஷ்டத்தைச் சொல்லி மாளாது. செப்டம்பர் 28 அன்று கோயம்பேடு காய்கறிச் சந்தை மீண்டும் திறந்தபோது முதல் கட்டமாகப் பெரிய கடைகளுக்கே அனுமதி கிடைத்தது. வீட்டுத் தேவைக்கு வாங்குவோர் உள்ளே வரவும் தடை இருந்தது. மொத்தமும் சில்லறையும் ஒரே வாசலில் கலந்ததன் விலையை ஐந்து மாதம் மூடிக்கிடந்து செலுத்த நேர்ந்தது. இன்றும் பல ஊர்ச் சந்தைகளில் இந்தக் கலப்பு அப்படியே இருக்கிறது.

இனி சில்லறைக் கடைக்கு வருவோம். கூட்டத்தைக் கலைத்தவர்கள் செய்தது ஒரே காரியம்தான்: பொருள் எடுக்கும் வேலையையும் பணம் வாங்கும் வேலையையும் வேறு வேறு நேரத்துக்குப் பிரித்தார்கள். வாடிக்கையாளர் முதல்நாள் மாலைக்குள் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ சாமான் பட்டியலைச் சொல்லிவிட வேண்டும். பகல் ஒரு மணிக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிதானமாகப் பொட்டலம் போட்டு, பெயர் எழுதிய சீட்டைச் செருகி, பில்லும் போட்டு வைத்துவிடலாம். காலையில் வந்தவர் பையை வாங்கிப் பணம் கொடுத்துப் போக ஒரு நிமிடம் போதும். மேலே சொன்ன கணக்கில் மணிக்கு 46 பேர் வந்தாலும் ஒரே ஆள் 60 பேரை அனுப்ப முடியும். இன்னார் எட்டு மணிக்கு, இன்னார் ஒன்பது மணிக்கு என்று சொல்லிவிட்டால் வட்டமே தேவையில்லை.

இந்த முறையில் இன்னொரு லாபமும் இருந்தது. மாலையில் பட்டியல்கள் கைக்கு வந்தால் மறுநாள் எவ்வளவு துவரம் பருப்பு போகும் என்பது முன்கூட்டியே தெரியும். இருப்பு குறைவாக இருந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு கிலோ என்று எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம். வாசலில் முதலில் நின்ற ஐந்து பேர் மூட்டையைக் காலி செய்யும் நிலை வராது. மார்ச் கடைசி வாரத்தில் மூட்டை மூட்டையாக விற்றுக் கல்லா நிரம்பிய கடைகளில், மொத்த வியாபாரி கடன் சரக்கை நிறுத்தி ரொக்கம் கேட்டபோது, நிரம்பிய பணம் முழுவதும் அடுத்த கொள்முதலுக்கே போயிற்று. வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

பூட்டிக்கிடந்த கடைகளின் கவலை வேறு. சித்திரை, வைகாசிக் கல்யாணத்துக்காக வாங்கிய ஜவுளியும் பாத்திரமும் அலமாரியில் இருக்க, வட்டி மட்டும் ஓடியது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் கடன் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது. இதை வட்டித் தள்ளுபடி என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். ரூ.5 லட்சம் கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால் மாத வட்டி ரூ.5,000, ஆறு மாதத்துக்கு ரூ.30,000 கடனோடு சேரும். வட்டிக்கு வட்டி மட்டும் ரூ.2 கோடிக்கு உட்பட்ட கடன்களுக்குப் பின்னர் திருப்பித் தரப்பட்டது. மேற்படி கடனில் அது ஏறத்தாழ ரூ.760.

2021 மே மாதம் இரண்டாம் அலையில் மளிகைக் கடைகளையும் மூடிய முழு ஊரடங்கு வந்தது. மே 31 முதல், தொலைபேசியில் பட்டியல் வாங்கி வாகனத்தில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கக் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை மளிகைக் கடைகளுக்கு அரசே அனுமதி அளித்தது. முந்தின ஆண்டே வாடிக்கையாளரின் பெயர், தெரு, தொலைபேசி எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்த கடைக்கு அன்று காலையிலேயே வேலை தொடங்கிவிட்டது.