இலையில் ஆகும் வெல்லம் மணியைச் சேரும் வழி

கதிர் வெளிவந்ததும் பயிரின் வேலை முடிந்ததென்று எண்ணி வயலை மறந்துவிடாதீர்கள். மணி நிரம்பும் வேலை அதன் பின்னரே தொடங்குகின்றது.

பச்சை இலையானது சூரிய ஒளியின் உதவியால், நீரையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் கொண்டு வெல்லத்தை ஆக்குகின்றது. இவ்வெல்லம் பெரும்பாலும் சுக்குரோசாகவே பயிரினுள் ஓடும். நீங்கள் தேநீரிற் கலக்கும் சீனியும் அதுவே. அது செல்லும் நுண்ணிய குழாய்கள் உரியம் எனப்படும். நீரை மேலேற்றும் காழ் வேறு. மாமரத்தின் சிறு கிளையொன்றிற் பட்டையை வளையமாக உரித்துப் பாருங்கள். நீர் உள்மரத்தின் வழியே ஏறுவதால் இலைகள் உடனே வாடமாட்டா. சில வாரங்களில், உரித்த இடத்துக்கு மேற்புறம் பட்டை பருத்திருக்கும். இறங்க வழியின்றி வெல்லம் அங்கே தேங்கியதே காரணம்.

வெல்லம் எப்போதும் கீழ்நோக்கியே ஓடுவதன்று. தேவையுள்ள இடத்தை நாடிச் செல்லும். இளம் நெற்பயிரில் அது வேருக்கும் புது மட்டங்களுக்கும் போகும். பூக்குமுன் ஒரு பகுதி தண்டிலும் இலைமடலிலும் மாப்பொருளாகத் தங்கும். பூத்தபின் அச்சேமிப்பும் கதிருக்கே செல்லும். எனினும், மணியின் மாப்பொருளிற் பெரும்பங்கு பூத்தபின் இலைகள் புதிதாக ஆக்கும் வெல்லத்திலிருந்தே வருகின்றது. கொடியிலையும் அதற்கடுத்த இரண்டு இலைகளும் இதில் முதன்மையானவை. இளமணியை நசுக்கினால் வரும் பால், அவ்வெல்லம் மாப்பொருளாக மாறிக்கொண்டிருக்கும் நிலையேயாகும்.

ஆகவே பூத்தபின் ஏறக்குறைய 30 நாட்களுக்கு மேலிலைகளைப் பச்சையாகக் காத்தல் வேண்டும். மண் வெடிக்க விடாதீர்கள். அறுவடைக்கு இரு வாரங்களுக்கு முன் நீரை வடித்தாற் போதும். எரிபந்த நோய் கதிரின் கழுத்தைப் பற்றினால், இலை பச்சையாயிருந்தும் பாதை அறுந்து மணி சப்பியாகும். அறக்கொட்டியானோ உரியத்தில் வாயை ஊன்றி வெல்லச் சாற்றையே குடிப்பது. பயிரை விலக்கி அடித்தண்டைப் பாருங்கள். மேலே நோக்கினால் அது தென்படாது.

தோட்டப் பயிர்களிலும் இதுவே நியதி. உருளைக்கிழங்கும் வற்றாளையும் வந்த வெல்லத்தை மாப்பொருளாக்கிக் கிழங்கில் வைக்கின்றன. வெங்காயம் மாப்பொருளாக்குவதில்லை; வெல்லமாகவே வைத்திருப்பதாற்றான் வதக்கும்போது இனிக்கின்றது. தாள் தானே சாயுமுன் கிண்டிய வெங்காயம் சிறுத்திருக்கும், நெடுநாள் இருப்பிலும் நில்லாது. மரவள்ளியில் வறைக்கு இலை ஆய்பவர்கள் ஒரே செடியை மொட்டையாக்காது, பல செடிகளிற் சிற்சில இலைகளாக ஆய்ந்துகொள்க.