பலகையில் ஊட்டி ரயில்

கேள்வி: ஊட்டி மலை ரயிலை மாடலாகச் செய்து கண்காட்சியில் வைக்க ஆசை. வீட்டில் இடம் குறைவு. எப்படித் தொடங்குவது?
– வாசகர், கோவை

பதில்: முழுப் பாதைக்கும் ஆசைப்படாதீர்கள். ஹில்குரோவ் போல ஒரே ஸ்டேஷன் போதும். அது மீட்டர்கேஜ் பாதை. 1:87 அளவில் குறுக்கினால் தண்டவாள இடைவெளி பதினொன்றரை மி.மீ. வரும். இந்த அளவுக்கென்றே விற்கும் தண்டவாளம் 12 மி.மீ.; அந்த அரை மி.மீ. யார் கண்ணிலும் படாது.

தொல்லை ஏற்றத்தில்தான். நிஜத்தில் 12 அடிக்கு ஓரடி ஏறுகிறது. ஆறடிப் பலகையில் அது அரையடி. பல்சக்கரம் இல்லாத மாடல் இன்ஜின் அதில் வழுக்கி, நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். எனவே பாதையைச் சமமாகப் போட்டு, பின்னணிப் பாறைகளைச் சரித்துக் கண்ணை ஏமாற்றுங்கள். நடுவில் பல்தண்டவாளத்தை ஒப்புக்காவது ஒட்டிவிடுங்கள். மேலேறும் ரயிலில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ள வேண்டும். முன்னால் மாட்டினால் குன்னூர்க்காரர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள்!

பலகையை இரண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணையுங்கள், ஆட்டோவில் ஏற்றலாம். கண்காட்சியில் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். சிறுவர்களுக்கு ஒரு ஸ்டூல். காலையில் கதவு திறக்குமுன் தண்டவாளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ரயில் பாதி வழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் தூசிதான் காரணம்.